அட்மின் கடவுச்சொல் இல்லாமல் அதிர்வெண் பார்ப்பது

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது. அட்மின் கடவுச்சொல் ஐ.டி. பிரிவின் கையில். ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கமாக நாலு நிமிடத்தில் முடிகிற கம்பைல் வேலை இருபது நிமிடம் ஆகியும் முடியவில்லை. ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"பண்ணிட்டேன் தம்பி. அப்படியேதான் இருக்கு."

"அப்ப பிரவுசர்ல டேப் நிறைய திறந்திருக்கும் சார். எல்லாத்தையும் மூடிட்டுப் பாருங்க."

பிரவுசரையே நான் திறந்திருக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். "மெதுவா இருக்கு" என்று மட்டும் கேட்டவர் வேறு என்ன சொல்ல முடியும்? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால், அவரும் பொதுவாக ஒரு மாத்திரையைத்தான் எழுதித் தருவார்.

அன்று மதியத்துக்குள் என்னிடம் நாலைந்து எண்கள் சேர்ந்துவிட்டன. செயலி இப்போது எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, எதுவரை ஓட அனுமதி இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பவை அவை. ஒன்றுக்கும் கடவுச்சொல் கேட்கவில்லை. அவற்றை எடுக்கும் வழிதான் இந்த இயல். அந்த லேப்டாப்புக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பார்ப்பதற்கு யாருக்கும் தடையில்லை

செயலியின் வேகம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2000 ஜனவரியில் இன்டெல் தன் ஸ்பீட்ஸ்டெப் நுட்பத்தோடு லேப்டாப்புக்கான பென்டியம் 3 சிப்பை வெளியிட்டது. மின்சாரத்தில் 650 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தச் சிப், பேட்டரிக்கு மாறினால் 500க்கு இறங்கிக்கொண்டது. 2008இல் டர்போ பூஸ்ட் வந்தபின், இறங்குவதோடு ஏறவும் கற்றுக்கொண்டது. இன்றைய சிப் ஒரு நொடிக்குள் பலமுறை ஏறி இறங்குகிறது. பெட்டியில் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸை வைத்து, இந்த நிமிடம் அது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது.

லினக்ஸ் கர்னல் இந்த விவரங்களைச் சிறு சிறு கோப்புகளாகத் திறந்து வைத்திருக்கிறது. அவை வட்டில் கிடப்பவை அல்ல. நீங்கள் திறக்கும் கணத்தில் கர்னல் எழுதித் தரும் பதில்கள். இவற்றில் எழுதுவதற்கு, அதாவது வேகத்தை மாற்றுவதற்கு, ரூட் (அட்மின்) உரிமை வேண்டும். படிப்பதற்கு வேண்டாம். பெரும்பாலான கோப்புகளில் எல்லாருக்கும் வாசிப்பு அனுமதி உண்டு. ஆனால் பல கையேடுகள் எடுத்த எடுப்பில் "சூடோ போட்டு (ரூட் உரிமையோடு) ஓட்டுங்கள்" என்றே தொடங்குகின்றன. அதைப் படித்துவிட்டு, தனக்கு உரிமையில்லை என்று ஒதுங்கிவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன்.

சில கோப்புகளை மட்டும் கர்னல் பூட்டியிருக்கிறது. அதற்கு வலுவான காரணம் உண்டு. செயலி எவ்வளவு மின்சாரம் செலவழித்தது என்று காட்டும் கோப்பை 2020 வரை யாரும் படிக்கலாம் என்றிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிளாட்டிபஸ் என்ற தாக்குதல் முறை வெளியானது. மின்செலவின் நுட்பமான ஏற்ற இறக்கத்தை வைத்தே ரகசியச் சாவிகளை ஊகித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் அந்தக் கோப்பு ரூட்டுக்கு மட்டும் என்றாயிற்று. 2022 ஜூனில் வெளியான ஹெர்ட்ஸ்ப்ளீட் ஆய்வு, அதிர்வெண் மாறுவதாலேயே ரகசியம் கசியலாம் என்று காட்டியது. ஆனாலும் அதிர்வெண் கோப்புகள் இன்றும் திறந்தேதான் இருக்கின்றன. ஆகவே பூட்டிய கதவைப் பார்த்தால் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் திறந்த கதவு இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும்.

ஒரு குறிப்பு. இந்த நூலில் அடைவுப் பெயர்களை வாயால் சொல்வதைப் போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முழுப்பெயரையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதி தானாக வரும். இருமுறை அழுத்தினால், அந்த அடைவில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலே வரும். முனையமே பழக்கமில்லாதவர்கள் கோப்பு மேலாளரில் மூல அடைவுக்குப் போய் 'ஸிஸ்' அடைவைத் திறக்கலாம். எஸ், ஒய், எஸ் என்ற மூன்று எழுத்து. அங்கிருந்து ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கோப்பை இருமுறை சொடுக்கினால் எண் தெரியும்.

செயலி

ஸிஸ், அதற்குள் டிவைசஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் சிபியு. இங்கே சிபியு0, சிபியு1 என்று கோருக்கு ஒன்றாக அடைவுகள் இருக்கும். ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் ஒரே கோருக்கு இரண்டு அடைவுகள் வரும். எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரிவது அதனால்தான். ஒவ்வொன்றின் உள்ளேயும் சிபியுஃப்ரெக் என்ற அடைவு. நமக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

முதலில் ஸ்கேலிங்-கர்-ஃப்ரெக் கோப்பு. இப்போதைய அதிர்வெண் இது. கேட் கட்டளையால் படித்தால் 2893417 என்பதுபோல ஓர் எண் வரும். அலகு கிலோஹெர்ட்ஸ். ஆயிரத்தால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ். ஏறத்தாழ 2893, அதாவது 2.9 கிகாஹெர்ட்ஸ். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இது பெரும்பாலும் சிப்பின் உள்ளே இருக்கும் துடிப்பு எண்ணிகளிலிருந்து கணக்கிடப்பட்டு வருவது. ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் கணினிகளில் பல சமயம் கர்னல் கடைசியாகக் கேட்ட வேகத்தைத்தான் இது காட்டும். கேட்டது கிடைத்ததா என்பதை அங்கே வேறு வழியில்தான் உறுதி செய்ய வேண்டும்.

பக்கத்திலேயே சிபியுஇன்ஃபோ-கர்-ஃப்ரெக் என்று ஒரு கோப்பு சில கணினிகளில் இருக்கும். படிக்கப் போனால் அனுமதி மறுப்பு வரும். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். அது ரூட்டுக்கானது, அது இல்லாமலே நம் வேலை நடக்கும்.

அடுத்து எல்லைகள். சிபியுஇன்ஃபோ-மேக்ஸ்-ஃப்ரெக் என்பது சிப்பின் உச்சத் திறன். ஸ்கேலிங்-மேக்ஸ்-ஃப்ரெக் என்பது இப்போது மென்பொருள் அனுமதிக்கும் உச்சம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மென்பொருள் எதுவும் கட்டிப்போடவில்லை என்று பொருள். இரண்டாவது குறைவாக இருந்தால், ஏதோ ஒரு மின்சேமிப்பு நிரலோ அட்மினோ உச்சவரம்பு வைத்திருக்கிறார். சிபியு அடைவுக்குள் இன்டெல்-பிஸ்டேட் என்று ஓர் அடைவு இருந்தால், அதில் நோ-டர்போ கோப்பையும் பாருங்கள். 1 என்றிருந்தால் டர்போ அணைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கேலிங்-கவர்னர் கோப்பில் பவர்சேவ் என்று பார்த்ததும் பலர் பதறுகிறார்கள். இன்டெல்லின் பிஸ்டேட் இயக்கி வழக்கமான முறையில் ஓடும்போது பவர்சேவ் என்பது 'எப்போதும் அடிமட்ட வேகம்' என்று பொருள்படாது. வேலை வந்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். பழைய ஏசிபிஐ இயக்கியில்தான் அந்தப் பெயருக்கு அடிமட்டம் என்று பொருள். எந்த இயக்கி என்பதை ஸ்கேலிங்-டிரைவர் கோப்பு சொல்லும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்று கர்னல்காரர்கள் வைத்த இந்தக் குழப்பம் ஆண்டுக்கணக்கில் பலரைத் தவறான பாதைக்கு அனுப்பியிருக்கிறது.

எல்லாக் கோரையும் ஒரே தடவையில் பார்க்க, சிபியு என்பதற்குப் பின் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுங்கள். தொடர்ந்து பார்க்க, அந்த முழுக் கட்டளையையும் மேற்கோள் குறிக்குள் வைத்து முன்னால் வாட்ச் என்று சேருங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும். நொடிக்குப் பத்து தடவை பார்க்க ஆசைப்பட வேண்டாம். பார்ப்பதே ஒரு வேலை. தூங்கப் போகும் கோர்களை அது எழுப்பிவிடும், கிடைக்கிற எண்ணும் கெட்டுப்போகும். இதே காரணத்தால், சும்மா இருக்கும் கோரின் எண்ணுக்கு எந்த மதிப்பும் கிடையாது. உங்கள் வேலையை ஓடவிட்டு, அந்த நேரத்தில் பாருங்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் 'சிபியு மெகாஹெர்ட்ஸ்' என்ற வரி கோர்தோறும் இருக்கும். கிரெப் கட்டளையால் அந்த வரியை மட்டும் பிரித்தெடுக்கலாம். கீழேயே போகோமிப்ஸ் என்று இன்னொரு எண் இருக்கும். கர்னல் தன் உள்வேலைக்காகப் போட்டுக்கொண்ட கணக்கு அது. அதிர்வெண்ணோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

வரைகலை

இங்கே நிறுவனத்துக்கு ஒரு வழக்கம். ஸிஸ், கிளாஸ், டிஆர்எம் என்று உள்ளே போனால் கார்டு0 அல்லது கார்டு1 என்ற அடைவு இருக்கும். பின்னால் எச்டிஎம்ஐ, டிபி என்றெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பவை திரை இணைப்புகள், அவற்றை விட்டுவிடுங்கள்.

இன்டெல்லின் உள்ளமைந்த வரைகலையில் ஜிடி-கர்-ஃப்ரெக், ஜிடி-ஆக்ட்-ஃப்ரெக் என்று இரண்டு கோப்புகள். அலகு இங்கே மெகாஹெர்ட்ஸ், வகுக்க வேண்டியதில்லை. முதலாவது இயக்கி கேட்ட வேகம். இரண்டாவது உண்மையில் கிடைத்த வேகம். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நான் மிகவும் மதிக்கிறேன். 1150 கேட்டு 1150 கிடைத்தால் நலம். 1150 கேட்டு 500தான் கிடைத்தால், வெப்பமோ மின்வரம்போ அதைப் பிடித்து இழுக்கிறது. இரண்டாவது கோப்பில் 0 வந்தால் பழுதென்று நினைக்காதீர்கள். வரைகலைப் பகுதி ஆழ்ந்து தூங்குகிறது. ஜிடி-ஆர்பி0 என்பது சிப்பின் உச்சம், ஜிடி-ஆர்பிஎன் என்பது அடிமட்டம். புதிய கர்னலில் கார்டு அடைவுக்குள் ஜிடி என்றொரு துணை அடைவு இருந்தால், அதில் 'த்ராட்டில் ரீசன்' என்று தொடங்கும் கோப்புகளைத் தேடுங்கள். வேகம் எதனால் குறைக்கப்பட்டது என்பதை அவை காரணவாரியாக 0, 1 என்று சொல்லும். எக்ஸ்இ என்ற புதிய இயக்கியில் இதே விவரங்கள் கார்டின் டிவைஸ் அடைவுக்குள் டைல்0, ஜிடி0, ஃப்ரெக்0 என்று கொஞ்சம் ஆழத்தில் இருக்கின்றன.

ஏஎம்டி என்றால் கார்டுக்குள் டிவைஸ் அடைவில் பிபி-டிபிஎம்-எஸ்க்ளாக் கோப்பு. வரைகலைக்கு வாய்த்த வேகப் படிகளை வரிசையாகக் காட்டி, இப்போது நிற்கும் படிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கும். எம்க்ளாக் என்று முடிவது நினைவகத்துக்கு. அதே இடத்தில் ஜிபியு-பிஸி-பெர்சன்ட் கோப்பு, வரைகலை எத்தனை சதவீதம் வேலையாக இருக்கிறது என்று சொல்லும். படிகளாக வேண்டாம், துல்லியமான எண் வேண்டும் என்றால் எச்டபிள்யுமான் அடைவில் ஃப்ரெக்1-இன்புட் இருக்கிறது. அதன் அலகு வெறும் ஹெர்ட்ஸ், பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். செயலிக்குக் கிலோ, இன்டெல் வரைகலைக்கு மெகா, இங்கே ஹெர்ட்ஸ். எண்ணைக் குறிக்கும்போதே அலகையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள். அடுத்த நாள் பார்த்தால் எது எதுவென்று தெரியாது.

என்விடியாவில் நிறுவனத்தின் சொந்த இயக்கி இருந்தால், என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளை சாதாரணப் பயனருக்கே ஓடும். விவரமாகக் கேட்கும் க்யூ தேர்வோடு க்ளாக் பகுதியை மட்டும் கேட்டால் இப்போதைய வேகம், உச்ச வேகம் இரண்டும் வரும். டிமான் என்ற துணைக்கட்டளை நொடிக்கு ஒரு வரியாக ஓட்டிக் காட்டும். வேகத்தைப் பூட்டுவது போன்ற மாற்றங்களுக்குத்தான் அது ரூட் கேட்கும். வேகம் குறைந்ததற்கான காரணத்தையும் இது பட்டியலிடும்: சும்மா இருப்பதாலா, மின்வரம்பாலா, சூட்டாலா என்று. மூன்று நிறுவனங்களில் இந்த ஒரு விஷயத்தில் என்விடியாதான் பயனருக்கு வேலையைச் சுலபமாக்கியிருக்கிறது என்பேன்.

இன்டெல்-ஜிபியு-டாப், டர்போஸ்டாட் இரண்டும் அருமையான கருவிகள். முதலாவதற்குக் கர்னலின் செயல்திறன் எண்ணிகள் வேண்டும். இரண்டாவதற்குச் செயலியின் உட்பதிவேடுகள் வேண்டும். இரண்டும் சாதாரணப் பயனருக்கு மூடியவை. உங்களிடம் உரிமை இல்லையென்றால் அவற்றை மறந்துவிடுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். செயல்திறன் தாவலில் இப்போதைய வேகமும் அடிப்படை வேகமும் இருக்கும், அட்மின் வேண்டாம். வரைகலை அதிர்வெண்ணுக்கு என்விடியா அட்டை இருந்தால் மேலே சொன்ன அதே கட்டளை அங்கும் ஓடும்.

எண்களைச் சேர்த்துப் படிப்பது

இப்போது என் லேப்டாப்புக்கு வருகிறேன். அன்று கம்பைல் ஓடிக்கொண்டிருந்தபோதே பார்த்தேன். எட்டு அடைவிலும் ஸ்கேலிங்-கர்-ஃப்ரெக் 800000க்குப் பக்கத்திலேயே நின்றது. 800 மெகாஹெர்ட்ஸ். உச்சத் திறன் 4200000. ஸ்கேலிங்-மேக்ஸ் கோப்பிலும் அதே 4200000. ஆக மென்பொருள் கட்டவில்லை. நோ-டர்போ 0.

அடுத்த சந்தேகம் சூடு. ஸிஸ், கிளாஸ், தெர்மல் அடைவுக்குள் தெர்மல்-ஜோன் அடைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் டைப் கோப்பு அது எதன் வெப்பம் என்று சொல்லும். எக்ஸ்86 பேக்கேஜ் என்பது செயலி. டெம்ப் கோப்பு வெப்பத்தை ஆயிரம் மடங்காக்கிக் காட்டும். எனக்கு வந்தது 46000, 46 டிகிரி. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் 95ஐத் தொட்டுக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன். இது அந்த வகை இல்லை. முழு வேலையும் கொடுத்த செயலி 46 டிகிரியில் குளிர்ந்து கிடக்கிறதென்றால், அதை யாரோ ஓடவிடவில்லை.

மென்பொருளும் இல்லை, சூடும் இல்லை. மிச்சமிருப்பது மின்சாரம். சார்ஜரைப் பிடுங்கினேன். அடுத்த இரண்டு நொடியில் எண்கள் 2900000க்கு மேல் போயின. மறுபடி செருகினேன், 800000. சார்ஜர் முனையின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி வளைந்திருந்தது. அந்த ஊசி வழியாகத்தான் லேப்டாப், இது எத்தனை வாட் சார்ஜர் என்று தெரிந்துகொள்கிறது. தெரியாத சார்ஜர் என்றால், பாதுகாப்புக்காகச் செயலியை அடிமட்டத்தில் கட்டிப்போடுகிறது. பேட்டரி நூறு சதவீதம் காட்டியதால் சார்ஜரை யாரும் சந்தேகப்படவில்லை.

ஐ.டி. பிரிவுக்கு மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் காலை புது சார்ஜர் வந்தது.

இந்த வரிசையில் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்: ஓடும் வேகம், அனுமதித்த உச்சம், வெப்பம், பிறகு மின்சாரம். தனியாக ஓர் அதிர்வெண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சூட்டைச் சந்தேகித்தால் இன்டெல் கணினியில் சிபியு0க்குள் தெர்மல்-த்ராட்டில் என்ற அடைவைத் திறவுங்கள். கோர்-த்ராட்டில்-கவுண்ட் கோப்பு, கணினி கிளம்பியதிலிருந்து சூட்டால் எத்தனை முறை வேகம் குறைக்கப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கும். வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பார்த்துக் கழித்தால் போதும். நீங்கள் பார்க்காத நேரத்தில் நடந்ததையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அநியாயமாகப் புகார் செய்துவிடவும் கூடாது. உச்ச அதிர்வெண் என்பது ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது கிடைப்பது. எல்லாக் கோரும் சேர்ந்து உழைத்தால் அந்த உயரம் வராது, வரவும் தேவையில்லை. 2021இல் வந்த இன்டெல்லின் 12ஆம் தலைமுறையிலிருந்து பல சிப்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை சேர்ந்தே இருக்கின்றன; அவற்றின் உச்சமும் வேறு வேறு. நாலு கோர் மட்டும் பின்தங்குகிறதே என்று எழுதும் முன், அந்தக் கோரின் சிபியுஇன்ஃபோ-மேக்ஸ் கோப்பைப் பார்த்துவிடுங்கள்.

எதுவுமே தெரியாத இடத்தில்

வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினிகளில் சிபியுஃப்ரெக் அடைவு பெரும்பாலும் இருக்கவே இருக்காது. ப்ராக் கோப்பில் வரும் மெகாஹெர்ட்ஸும் அசையாமல் ஒரே எண்ணாக நிற்கும். அது விருந்தினருக்குக் காட்டும் பெயர்ப்பலகை, நிஜ வேகம் இல்லை.

அங்கேயும் ஒரு வழி உண்டு. பெர்ஃப் கருவி நிறுவியிருந்தால், பெர்ஃப் ஸ்டாட் என்று போட்டு உங்கள் நிரலை ஓட்டுங்கள். சிப்பின் துடிப்பு எண்ணிகள் விருந்தினருக்கும் கிடைத்தால், எத்தனை துடிப்பு, எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு கிகாஹெர்ட்ஸையே தரும். உங்கள் சொந்த நிரலை அளப்பதற்குக் கர்னல் இயல்பாகவே இடம் தருகிறது. ஆனால் டெபியனும் உபுண்டுவும் இதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. ப்ராக், ஸிஸ், கர்னல் வழியாகப் போனால் பெர்ஃப்-ஈவன்ட்-பாரனாய்டு என்ற கோப்பு இருக்கும். அதில் 2 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் முயலலாம். 3, 4 என்றால் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

அதுவும் அடைபட்டால், ஒரு கடிகாரமும் சின்ன சி நிரலும் போதும். இன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஒரு சாதாரண முழு எண் பெருக்கலின் விடை வர மூன்று துடிப்பு ஆகும். ஒரு பெருக்கலின் விடையை அடுத்த பெருக்கலுக்கு உள்ளீடாகக் கொடுத்துக்கொண்டே போனால், செயலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் முந்திக்கொள்ள முடியாது. இப்படி 100 கோடி முறை பெருக்கினால் 300 கோடி துடிப்பு. ஒரு நொடி பிடித்தால் 3 கிகாஹெர்ட்ஸ், இரண்டு நொடி பிடித்தால் 1.5. பெருக்கும் எண்ணை நிரலுக்குள் எழுதிவிடாமல் ஓட்டும்போது கொடுங்கள், கடைசி விடையைத் திரையில் அச்சிடச் செய்யுங்கள், ஜிசிசி கம்பைலரின் மேம்படுத்தல் நிலையை 1இல் வையுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் உங்கள் சுற்றையே தூக்கி எறிந்துவிடலாம். பத்துமுறை ஓட்டி, வந்ததில் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஓட்டங்களில் பக்கத்து வாடகைக்காரரின் வேலையும் கலந்திருக்கும்.

இதற்கு எந்தக் கோப்பின் அனுமதியும் வேண்டாம். உங்கள் நிரலை ஓடவிடும் எந்த அட்மினும் இதை மூட முடியாது.

பழுதான நாளில் எடுத்த எண்ணை ஒப்பிட, நல்ல நாளின் எண் ஒன்று வேண்டும். இப்போது உங்கள் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடும் முன் வழக்கமான வேலை ஒன்றை ஓடவிட்டு, கோர்களின் வேகம், உச்சவரம்பு, வரைகலையின் வேகம், வெப்பம் நான்கையும் அலகோடும் தேதியோடும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.